ஷா வலியுல்லாவும் இஸ்லாமியச் சட்டச் சிந்தனையும்

முன்னோர் வகுத்த சட்டத்தைப் போற்றவும் வேண்டும். புதிதாய் எழும் இன்னல்களுக்கு அச்சட்டத்திலிருந்தே பரிகாரம் காணவும் வேண்டும். இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதும்போது அறிஞர் என் செய்வது? உலகில் தொன்மையான சட்ட மரபுடைய சமுதாயங்கள் அனைத்தும் இக்கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. இந்திய முஸ்லிம்களிடையே இதற்கு ஆழ்ந்து விடை தேடியவர்களுள் தலையாயவர் 18ஆம் நூற்றாண்டில் தில்லியில் வாழ்ந்த ஷா வலியுல்லா ஆவார். அவருடைய சட்டச் சிந்தனை எவ்வாறு உருவாயிற்று, பின்வந்தோரிடத்தில் எவ்வாறு பரவிற்று என்பதை நாம் இங்கே காண்போம்.

இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு பெண்ணின் கணவன் ஊரைவிட்டுச் சென்றான், திரும்பவில்லை. அவன் உயிரோடிருக்கிறானா, மாண்டானா என்பது எவருக்கும் தெரியவில்லை. இந்தியாவில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனபி சட்டத்தின் பழைய நூல்களின்படி, அவன் வயதை ஒத்தவர்கள் மறையும் காலம்வரை அப்பெண் காத்திருத்தல் வேண்டும். அவன் பிறந்து 90 ஆண்டுகள் நிறையும்வரை என்று கணக்கிட்டுக் கூறியவர்களும் உண்டு. ஆனால் அதே மார்க்கத்தின் மற்றொரு சட்ட மரபான மாலிகி மரபில், வழக்கு நடுவரிடம் வந்தபின் நான்கு ஆண்டுக் காத்திருப்பே போதுமானது. இரண்டும் மார்க்க அறிஞர் வகுத்தவையே, இரண்டும் மதிப்பிற்குரியவையே. அங்ஙனமாயின் ஹனபி குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு மாலிகி மரபின் கதவு ஏன் திறக்கலாகாது? இதற்கு விடை கூற வேண்டுமாயின், இந்த மரபுகள் எவ்வாறு தோன்றின, அவற்றின் வேறுபாடு எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். அவ்வாராய்ச்சியே ஷா வலியுல்லாவின் வாழ்நாட்பணியில் முக்கியமானதொரு பகுதியாகும்.

இஸ்லாமியச் சட்ட மரபுகளை மத்ஹபுகள் என்பர். சுன்னத்து வல் ஜமாஅத்தினரிடையே நான்கு மத்ஹபுகள் நிலைபெற்றன. இமாம் அபூ ஹனீபா 767இலும், இமாம் மாலிக் 795இலும், இமாம் ஷாபிஈ 820இலும், இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் 855இலும் மறைந்தனர். இந்நால்வரின் பெயராலேயே அந்த மரபுகள் வழங்குகின்றன. தமிழகத்தார்க்கு இது புதிய செய்தியன்று. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் ஷாபிஈ மரபும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனபி மரபும் வழங்கிவருவதை நாம் காண்கிறோம். தொழுகையில் கை கட்டும் முறை முதல் திருமணச் சட்டம் வரை இவ்விரு மரபினரிடையே சிறுசிறு வேறுபாடுகள் உண்டு.

காலப்போக்கில் அறிஞர்களிடையே ஒரு கருத்து வலுப்பெற்றது. பெரிய இமாம்கள் ஆராய்ந்து முடித்துவிட்டனர். இனி எஞ்சியவர்க்கு அவர்களைப் பின்பற்றுவதொன்றே கடமை என்பது அக்கருத்து. மூல நூல்களை நேரே ஆராய்ந்து முடிவு காணும் முயற்சிக்கு இஜ்திஹாத் என்று பெயர். முன்னோர் கண்ட முடிவை ஏற்று நடப்பதற்குத் தக்லீத் என்று பெயர். ஷா வலியுல்லா தோன்றிய காலத்தில் இந்தியாவில் தக்லீதே முழு ஆட்சி செலுத்திற்று. மதரஸாக்களில் சட்ட நூல்களின் உரைகளும், உரைகளின் உரைகளும் பயிலப்பட்டன. தருக்கமும் தத்துவமும் சிறந்து விளங்கின. நபிமொழித் தொகுப்புகளாகிய ஹதீஸ் நூல்களுக்கோ அத்துணை இடமில்லை.

குத்புத்தீன் அஹ்மத் என்ற இயற்பெயர் கொண்ட ஷா வலியுல்லா, 1703ஆம் ஆண்டில், இன்றைய உத்தரப் பிரதேசத்து முஸபர்நகர் மாவட்டத்திலுள்ள புலத் என்னும் ஊரில் பிறந்தார். அப்போது தக்கணத்தில் போர்புரிந்துகொண்டிருந்த பேரரசர் ஔரங்கசீப் நான்கு ஆண்டுகளில் மறைந்தார். அதன்பின் மொகலாயப் பேரரசு விரைந்து சரிந்தது. அரியணை பலமுறை கைமாறியது. 1739இல் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடினார். 1761இல் மூன்றாம் பானிபத் போர் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டில், 1762இல், ஷா வலியுல்லா தில்லியில் காலமானார். இடிந்துவரும் ஒரு பேரரசின் நடுவே அமர்ந்து அவர் நூல்களை எழுதினார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அக்கால அரசியலிலும் அவர் கருத்துச் செலுத்தினார். அவர் எழுதியனவாக வழங்கும் அரசியல் கடிதங்களைப் பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் பொருள் சட்டமாதலின் அதனுள் நாம் புகவில்லை.

அவருடைய தந்தை ஷா அப்துர் ரஹீம் தில்லியில் ரஹீமிய்யா என்னும் மதரஸாவை நடத்திவந்த பெரியார். ஔரங்கசீப்பின் ஆணைப்படி அறிஞர் பலர் கூடித் தொகுத்த ‘பதாவா ஆலம்கீரி’ என்னும் பெரும் ஹனபி சட்டத் தொகுப்பின் பணியிலும் அவர் சிறிது காலம் பங்குகொண்டார். எனவே ஹனபி சட்டம் ஷா வலியுல்லாவின் வீட்டிலேயே வளர்ந்த கல்வி எனலாம். 1719இல் தந்தை மறைந்தபின், பதினாறு பதினேழு வயதிலேயே அம்மதரஸாவின் ஆசிரியப் பொறுப்பு அவர்மீது வந்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பாடம் சொன்னார். அக்காலத்திலேயே நான்கு மரபுகளின் நூல்களையும் அவற்றிற்கு ஆதாரமான ஹதீஸ்களையும் ஒப்பிட்டு நோக்கும் பழக்கம் அவரிடத்தில் உண்டாயிற்று.

1731இல் அவர் ஹஜ் யாத்திரை மேற்கொண்டார். ஹிஜாஸில் தங்கிய காலமே அவருடைய சிந்தனையின் திருப்புமுனை. மதீனாவில் அபூ தாஹிர் அல்-குர்தி என்ற ஷாபிஈ அறிஞரிடம் ஹதீஸ் பயின்றார். மக்காவில் ஹனபி அறிஞரிடமும் மாலிகி மரபைச் சார்ந்த அறிஞரிடமும் பாடம் கேட்டார். தில்லியில் ஏடுகளில் மட்டும் கண்ட பிற மரபுகளை இங்கே உயிருள்ள மனிதர்களாகக் கண்டார். ஒருவரோடொருவர் மாறுபட்ட முடிவுடையவர்கள் ஒரே பள்ளியில் அமர்ந்து, ஒருவர்க்கொருவர் மதிப்பளித்துக் கற்பிப்பதையும் கண்டார். இமாம் மாலிக்கின் ‘முவத்தா’ என்னும் ஹதீஸ் நூல்மீது அவருக்கு எல்லையற்ற பற்று உண்டாயிற்று. 1732இல் தில்லி திரும்பினார்.

திரும்பிய பின்னர் அவர் எழுதிய நூல்களுள் இரண்டு சிறு நூல்கள் சட்டச் சிந்தனைக்கு இன்றியமையாதவை. ஒன்று, கருத்து வேறுபாடுகளின் காரணத்தை ஆராயும் ‘அல்-இன்ஸாப்’. மற்றொன்று, இஜ்திஹாத், தக்லீத் ஆகியவற்றின் நெறிகளை உரைக்கும் ‘இக்துல் ஜீத்’. மத்ஹபுகளுக்கு ஒரு வரலாறு உண்டு என்று காட்டியதே முதல் நூலின் சிறப்பாகும். நபிகள் நாயகம் அவர்களின் தோழர்கள் பல நகரங்களுக்கும் பிரிந்து சென்றனர். ஒவ்வொருவரும் தாம் கண்டதையும் கேட்டதையும் தம்முடன் கொண்டுசென்றனர். ஒருவருக்குத் தெரிந்த செய்தி மற்றொருவரை எட்டாமலிருந்ததும் உண்டு. இதற்கு அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று சுவையானது. கடமையான குளியலின்போது பெண்கள் பின்னலை அவிழ்த்தே நீராட வேண்டும் என்று நபித்தோழர் ஒருவர் கூறிவந்தார். அதனைக் கேள்வியுற்ற அன்னை ஆயிஷா வியந்து அதனை மறுத்தார்கள். தாம் நாயகம் அவர்களோடு ஒரே பாத்திரத்து நீரில் குளித்ததையும், தலையில் மும்முறை நீர் வார்த்ததற்கு மேல் எதுவும் செய்யாததையும் எடுத்துக்காட்டினார்கள். தோழர் வேண்டுமென்றே கடுமை காட்டினாரல்லர். அச்செய்தி அவரை எட்டவில்லை, அவ்வளவே.

செய்தி எட்டிய இடத்திலும் அதன் காரணத்தை உணர்வதில் வேறுபாடு எழலாம். பிரேதம் ஒன்று கடந்துசென்றபோது நாயகம் அவர்கள் எழுந்து நின்றார்கள் என்பது ஒரு செய்தி. வானவர்களுக்கு மரியாதை செய்தற்பொருட்டு என்றனர் ஒரு சாரார். மரணத்தின் அச்சத்தை உணர்த்துதற்பொருட்டு என்றனர் மற்றொரு சாரார். அது அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டுமே உரியது என்றாரும் உளர். காரணம் மாறினால் சட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் மாறும். இவ்வாறு மதீனாவில் ஒரு மரபும், கூபாவில் ஒரு மரபும் இயல்பாக வளர்ந்தன என்றும், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டுக்கு முன் மக்கள் ஒரே ஒரு மத்ஹபை மட்டும் பற்றி நிற்கும் வழக்கம் நிலைபெறவில்லை என்றும் ஷா வலியுல்லா எடுத்துரைத்தார்.

இதன் பயன் யாது? வேறுபாடு தோன்றியது நேர்மையான காரணங்களால் என்று தெரிந்துவிட்டால், மாற்று மரபினரைப் பழிக்க இடமில்லாமற்போகிறது. அதனோடு, ஒரு மரபின் முடிவே இறைவனின் இறுதித் தீர்ப்பு என்று சாதிக்கவும் இயலாமற்போகிறது.

ஆயினும் அவர் மரபுகளைத் தூக்கியெறியச் சொன்னாரல்லர். நான்கு மத்ஹபுகளைப் பற்றி நிற்பதில் பெரும் நன்மையும், அவற்றை முழுதும் கைவிடுவதில் பெருங்கேடும் உண்டு என்பது ‘இக்துல் ஜீத்’ நூலில் அவர் கொண்ட முடிவு. இந்தியாவில் பிற மரபின் அறிஞரோ நூல்களோ கிடைக்காத ஓர் ஊரில் வாழும் சாமானியன் ஹனபி மரபையே பின்பற்ற வேண்டும் என்றும் எழுதினார். தம் இயல்பு தக்லீதை விரும்பவில்லை என்றும், மதீனாவில் பெற்ற ஆன்ம அனுபவம் நான்கு மரபுகளின் எல்லையைக் கடவாதிருக்குமாறு தம்மைப் பணித்தது என்றும் அவரே கூறியிருக்கிறார். சுதந்திரத்தை விழையும் அறிவும், சமுதாயம் சிதறிவிடலாகாது என்ற அக்கறையும் ஒரே மனத்தில் போராடியதை இதிலிருந்து நாம் உணரலாம்.

இப்போராட்டத்திற்கு அவர் கண்ட தீர்வு நடுவழியாகும். நான்கு இமாம்களைப் போலப் புதியதொரு மரபையே நிறுவும் ஆராய்ச்சி ஒருவகை. ஒரு மரபினுள் நின்றுகொண்டே, மூல ஆதாரங்களை ஒப்பிட்டு, வலுவான கருத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சி மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகை இஜ்திஹாத் எக்காலத்திற்கும் உரியது. அதனைச் செய்யத் தக்கார் சிலரேனும் ஒவ்வொரு தலைமுறையிலும் இருத்தல் சமுதாயத்தின் கடமை என்றார் அவர். மனித வாழ்வில் எழும் வழக்குகள் எண்ணிலடங்காதன. எழுதி வைத்த நூல்களோ எல்லைக்குட்பட்டவை. ஆதலின் ஆராய்ச்சி ஓய்தல் இயலாது என்பது அவர் காட்டிய காரணம். ‘முவத்தா’ நூலுக்கு அரபு மொழியில் ‘முஸவ்வா’ என்றும், பாரசீகத்தில் ‘முஸப்பா’ என்றும் இரு உரைகள் வரைந்து, அத்தகைய ஆராய்ச்சியை எவ்வாறு செய்வது என்று செய்தே காட்டினார். ஹனபி, ஷாபிஈ முடிவுகளை அருகருகே வைத்து நோக்கினார். இவ்விரு மரபுகளையும் ஹதீஸ்களோடு ஒத்துப்பார்த்து ஒன்றாக இணைத்தலே தக்கது என்ற விருப்பத்தையும் மற்றொரு நூலில் வெளியிட்டார்.

அவருடைய தலைசிறந்த நூல் ‘ஹுஜ்ஜத்துல்லாஹில் பாலிகா’ என்பதாகும். சட்டங்களின் உட்பொருளை ஆராய்வது இந்நூல். மார்க்கக் கட்டளைகளுக்கும் மனித நலனுக்கும் தொடர்பில்லை என்று கருதுவோர் அக்காலத்தில் இருந்தனர். எஜமானன் தன் பணியாளனின் கீழ்ப்படிதலைச் சோதிக்க, ஒரு கல்லைத் தூக்கு என்றோ ஒரு மரத்தைத் தொடு என்றோ கட்டளையிடுவதைப் போன்றவையே இறைக்கட்டளைகள் என்பது அவர்தம் எண்ணம். ஷா வலியுல்லா நூலின் தொடக்கத்திலேயே இதனை மறுக்கிறார். ஒவ்வொரு கட்டளைக்கும் மனிதனின் உள்ளத்தூய்மையையோ சமுதாயத்தின் நல்வாழ்வையோ காக்கும் நோக்கம் உண்டு என்கிறார். அதே வேளையில், காரணம் விளங்கும்வரை கட்டளையை நிறைவேற்றாது தள்ளிவைப்பதும் முறையன்று என்று எச்சரிக்கவும் தவறவில்லை.

மனித சமுதாயம் எளிய வாழ்விலிருந்து தொடங்கி, இல்லறமும் தொழில்களும் அமைந்த வாழ்வு, நகர ஆட்சி, பல அரசுகளையும் கட்டுப்படுத்தும் பேராட்சி எனப் படிப்படியாக உயர்கிறது என்று அந்நூலில் அவர் விளக்குகிறார். தம் காலத்து நகரங்கள் பாழாவதற்குரிய காரணங்களையும் அங்கே துணிந்து கூறுகிறார். உழவர், வணிகர், கைவினைஞர் ஆகியோர்மீது சுமத்தப்படும் கடும் வரியும், உழைக்காமல் அரசுக் கருவூலத்தை நம்பி வாழ்வோரின் பெருக்கமும் அவர் காட்டும் இரு காரணங்கள். சட்டம் என்பது வாழ்வோடு பிணைந்தது என்ற எண்ணம் நூல் முழுவதும் ஊடுருவி நிற்கிறது. மக்கள் எந்த வழக்கங்களில் ஊறியிருந்தனரோ அவற்றைக் கருத்திற்கொண்டே இறைத்தூதர்கள் சட்டம் வகுத்தனர் என்றும் அவர் எழுதினார். பின்னாளில் பல அறிஞரைச் சிந்திக்கத் தூண்டிய கருத்து இது.

திருக்குர்ஆனைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்ததும் இத்தொண்டின் ஒரு பகுதியே. அக்காலத்தில் கற்றவர் மொழியும் அலுவல் மொழியும் பாரசீகமே. அரபு மொழி அறியாதவரும் மூல நூலின் பொருளை நேரே அறியவேண்டும் என்று அவர் விரும்பினார். அவருடைய மைந்தர்களான ஷா ரபியுத்தீனும் ஷா அப்துல் காதிரும் அடுத்த படியாக உருது மொழிபெயர்ப்புகளை அளித்தனர். மூத்த மைந்தர் ஷா அப்துல் அஸீஸ் 1824 வரை வாழ்ந்து, தந்தையின் பாடத்தை வட இந்தியா முழுதும் பரப்பினார்.

ஷா வலியுல்லாவின் மரபுரிமையைப் பிற்காலத்தில் பலரும் கொண்டாடினர். 1866இல் தோன்றிய தேவ்பந்து கல்விச்சாலையினர் ஹனபி மரபில் உறுதியாக நின்றுகொண்டே, ஹதீஸ் கல்விக்கு அவர் தந்த ஏற்றத்தைப் போற்றினர். எந்த ஒரு மத்ஹபுக்கும் கட்டுப்படாத அஹ்லே ஹதீஸ் இயக்கத்தினர் தக்லீதைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டனர். சர் செய்யது அஹமது கான் முதலிய புதுமைக் கருத்தினரும் அவரைச் சான்று காட்டினர். அறிஞர் ஷிப்லி நுஃமானி அவரைக் கஸ்ஸாலி, இப்னு ருஷ்து முதலிய பெரியார் வரிசையில் வைத்துப் புகழ்ந்தார். 1929இல் சென்னைக்கு வந்து சொற்பொழிவாற்றிய கவிஞர் இக்பால், அச்சொற்பொழிவுகளும் பிற உரைகளும் அடங்கிய தம் நூலில், புதிய உணர்வின் தூண்டுதலை முதலில் பெற்ற முஸ்லிம் அவராகவே இருக்கலாம் என்று குறிப்பிட்டார். ஒருவர்க்கொருவர் உடன்படாத இத்துணைப் பேரும் ஒரே பெரியாரை உரிமை கொண்டாடுவதற்குக் காரணம், அவர் பற்றையும் ஆராய்ச்சியையும் பிரியாமல் வைத்திருந்ததே.

இதற்கிடையே நாட்டில் வேறொரு மாறுதல் நிகழ்ந்தது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டத்தின்படி, திருமணம், வாரிசுரிமை முதலிய வழக்குகளில் முஸ்லிம்களுக்கு அவர்தம் மார்க்கச் சட்டமே ஆளும் என்று கம்பெனி ஆட்சி அறிவித்தது. ஹனபி சட்ட நூலான ‘ஹிதாயா’ 1791இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தொடக்கத்தில் நீதிமன்றங்களில் மௌல்விகள் அமர்ந்து கருத்துக் கூறினர். 1864இல் அப்பதவிகளும் எடுபட்டன. அதன்பின் ஆங்கில நீதிபதிகள் மொழிபெயர்ப்பு நூல்களைக் கொண்டே தீர்ப்பளித்தனர். பழம்பெரும் உரையாசிரியர்களுக்கு மாறாக, நீதிமன்றங்கள் திருக்குர்ஆனுக்குத் தாமாகப் பொருள் கொள்ளலாகாது என்று 1897இல் லண்டன் பிரிவி கவுன்சில் கூறிற்று. அயலார் நீதிமன்றத்திற்கு அது அடக்கமான நிலையே. ஆயினும் அறிஞரின் கையில் அசைந்துகொண்டிருந்த சட்டம், அச்சிட்ட ஏட்டில் உறைந்துபோகவும் அது காரணமாயிற்று.

இந்த உறைவின் துன்பத்தை மிகுதியும் அனுபவித்தவர் பெண்களே. கணவன் காணாமற்போனாலும், சோறிட மறுத்தாலும், கொடுமை செய்தாலும், ஹனபி நூல்களின்படி நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற வழியில்லை. பஞ்சாபில் சில பெண்கள் வேறு வழி காணாது, திருமணத்தளையை அறுத்துக்கொள்ளும்பொருட்டு மார்க்கத்தையே துறந்ததாக அறிவிக்கும் நிலை உண்டாயிற்று. இக்பால் இதனை மனம் நொந்து குறிப்பிட்டார். தேவ்பந்து மரபின் பெரும் ஹனபி அறிஞரான மௌலானா அஷ்ரப் அலி தானவி, 1930களின் தொடக்கத்தில், ஆதரவற்ற மனைவியருக்கு விடுதலை காட்டும் நூலொன்றை வெளியிட்டார். கடும் நெருக்கடியில் ஹனபி மரபினர் மாலிகி முடிவை மேற்கொள்ளலாம் என்பது அந்நூலின் சாரம். மாலிகி அறிஞர்களின் பத்வாக்களையும் வருவித்து அதில் சேர்த்தார்.

இதன் விளைவாகப் பிறந்ததே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம். மத்திய சட்டசபையில் காஸ்மி அவர்கள் கொண்டுவந்த மசோதா இது. கணவன் நான்கு ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாதிருத்தல், இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராதிருத்தல், ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றிருத்தல், கொடுமை புரிதல் முதலிய காரணங்களால் மனைவி நீதிமன்றத்தை நாடி மணவிலக்குப் பெறலாம் என்று இச்சட்டம் விதித்தது. எந்த மத்ஹபைச் சார்ந்த பெண்ணுக்கும் இது பொதுவாயிற்று. வழக்கை விசாரிக்கும் நீதிபதி முஸ்லிமாக இருத்தல் வேண்டும் என்ற உலமாக்களின் கோரிக்கை மட்டும் ஏற்கப்படவில்லை. அது அவர்களுக்குக் குறையாகவே இருந்தது. இச்சட்டம் இந்தியாவில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

1939ஆம் ஆண்டுச் சட்டம் ஷா வலியுல்லா ஒருவரால் விளைந்தது என்று கூறினால் அது மிகையாகும். இன்றியமையாத இடத்தில் மாலிகி முடிவை நாடலாம் என்பது ஹனபி மரபின் பிற்கால அறிஞர் சிலரும் கூறியதே. அவரை இக்காலத்துச் சீர்திருத்தக்காரராகச் சித்திரித்தலும் பொருந்தாது. நான்கு மரபுகளின் வேலியைத் தாண்டாதவர் அவர். ஆனால் மரபுகள் ஒன்றுக்கொன்று பகையல்ல, ஒரே ஊற்றிலிருந்து பிரிந்த கால்வாய்கள் என்ற உணர்வை இந்நாட்டில் ஆழமாக விதைத்தவர் அவரே. கூபாவின் முடிவால் துயருறும் பெண்ணுக்கு மதீனாவின் முடிவால் துயர் நீங்குமாயின் அதனை நாடுவது மார்க்கத்திற்குப் புறம்பன்று என்ற எண்ணம் 1939இல் ஏற்கப்பட்டதற்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் தில்லியில் அவர் தொடங்கிய ஹதீஸ் பாடமும் ஒப்பாய்வும் துணை நின்றன என்று நாம் கூறலாம்.

பழமையைப் பற்றுவோரும் புதுமையை நாடுவோரும் இன்றும் வாதிடுகின்றனர். ஒருவர் ஷா வலியுல்லாவின் நூலிலிருந்து தக்லீதுக்குச் சான்று காட்டுகிறார். மற்றொருவர் அதே நூலிலிருந்து இஜ்திஹாதுக்குச் சான்று காட்டுகிறார். இருவர் கூறுவதும் அவர் நூலில் உள்ளவையே. சட்டம் ஏன் வந்தது, எவ்வாறு வந்தது, யாருடைய நலனுக்காக வந்தது என்று பணிவோடும் அயராமலும் வினவுதலே அவர் காட்டிய நெறி. அவ்வினாவைக் கேட்பதற்குரிய கல்வியுடையார் ஒவ்வொரு தலைமுறையிலும் இருத்தல் வேண்டும் என்பதே அவர் சமுதாயத்தின்மேல் சுமத்திச்சென்ற கடமையாகும்.